இருண்ட திரை

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்ற திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பாரிஸில் வளர்ந்தவள் நான். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு நாடக அரங்கில், பாடகர்கள் பாடப் பாட மேலேயுள்ள திரையில் பாட்டின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வரிவரியாக ஓட்டுவது என் வேலை.

அன்று ஒரு பழைய பிரெஞ்சு நகைச்சுவை இசைநாடகத்தின் ஆங்கில வடிவம் அரங்கேறியது. ஆங்கிலப் பிரதியைப் பார்த்து மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார்கள். நானோ பிரெஞ்சு மூலத்தை வைத்தே முடித்துவிட்டேன். மகளுக்குக் காய்ச்சல் என்று ஒத்திகைக்கும் போகவில்லை.

மூலத்தில் நாயகி அலமாரிக்குள் ஒளித்துவைப்பது கள்ளக்காதலனை. மேடையிலோ அவள், "என் தம்பி" என்று ஆங்கிலத்தில் பாடினாள். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்கள் கதையை நாகரிகமாக்கியிருந்தார்கள். நான் அடுத்து அழுத்தவேண்டிய வரியில் கள்ளக்காதலன் இருந்தான். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

"அண்ணை, பிழை விட்டிட்டன்!" என்றேன், பக்கத்தில் விளக்குகளை இயக்கும் யாழ்ப்பாணத்துக்காரரிடம். அவர் எட்டித் திரையை அணைத்தார்.

இடைவேளையில் இயக்குநர் சீறிக்கொண்டு வந்தார். தன் கை தவறுதலாகப் பட்டுவிட்டது என்றார் அண்ணை. எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கினார். நான் பிரதியைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இயக்குநர் போனதும், "ஏச்சு எனக்குப் பழக்கம் பிள்ளை. மணி அடிக்க முதல் மிச்சத்தைத் திருத்துங்கோ" என்றார் அண்ணை.

திருத்தினேன். இயக்குநரிடம் உண்மையைச் சொல்லத்தான் இன்றுவரை துணிவு வரவில்லை. அண்ணை இன்றும் என் பக்கத்தில்தான் அமர்கிறார். அன்று நடந்ததற்காக ஒருநாளும் என்னை ஏசியதில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.