கீழிருந்து கூப்பிடக் கூடாது

எங்களை மரம் வெட்டுகிறவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நாங்கள் கிளை கழிக்கிறவர்கள். திண்டுக்கல் சாலையில் வாடிப்பட்டி வரைக்கும் இருபுறமும் நின்ற புளியமரங்களில் பட்டுப்போனதையும் ரோட்டுக்குத் தாழ்ந்ததையும் மட்டும் எடுத்து, மரத்தை நிற்க வைக்கிற வேலை. என் கூட்டாளி மரமேறுவான். நான் கீழே வடக்கயிறு பிடிப்பேன். அறுபட்ட கிளை போகிற வண்டி மேல் விழாமல் மெதுவாக இறக்குவது என் பொறுப்பு.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மரத்தில் இருப்பவனைக் கீழிருந்து யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் சட்டென்று குனிவான், கால் நழுவிவிடும். அவனாகப் பேசினால் பதில் சொல்லலாம். எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் இது தெரியும். சோறு கொண்டுவந்தால் அவன் இறங்கும்வரை மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் ஒன்றின் கூரையிலிருந்த மூட்டைகளை ஒரு கிளை இழுத்துக் கீழே போட்டுவிட்டது. அந்தக் கிளையை உடனே எடுக்கச் சொன்னார்கள். அன்று காலை கூட்டாளிக்கு வேலைக்கு வரவே மனமில்லை. நடக்கப் பழகிக்கொண்டிருந்த அவன் மகளுக்குக் காய்ச்சல்.

"ராத்திரி கொஞ்சம் தணிஞ்சிருக்கு மாப்ள. மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டு ஓடிருவோம்" என்று சொல்லிக்கொண்டே ஏறினான்.

புளியங்கிளை லேசில் அறுபடாது. பாதி அறுத்திருப்பான், அவன் மனைவி வெயிலில் வருவது தெரிந்தது. முந்தானை தரையில் புரண்டது. கையில் ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அண்ணே, பிள்ள போயிருச்சு" என்றாள்.

வடத்தை இடுப்பில் சுற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அவளைத் தாங்கக்கூட எனக்கு ஒரு கை இல்லை. பாதி அறுபட்ட கிளையை விட்டுவிட்டு அவன் இறங்கவும் முடியாது. இறங்கும் வழியே அதை ஒட்டித்தான். இந்தச் சேதி இப்போது காதில் விழுந்தால் அவனும் போய்விடுவான். சொல்லாதே என்று தலையை ஆட்டினேன். அவளுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வேர்மேல் உட்கார்ந்தாள்.

மேலிருந்து பார்த்தவனுக்கு இலைகளுக்கு நடுவே அவள் சேலை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"வந்துட்டியா? இன்னைக்கு என்ன குழம்பு?"

அவள் வாயிலிருந்த முந்தானையை எடுத்தாள்.

"கத்திரிக்கா."

"இன்னைக்குமா? ஊர்ல வேற காயே வெளையலையா? எம்புட்டு நாளைக்குத்தான் திங்கிறது? மாப்ள, நீயே கேளு!"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எப்படிச் சிரித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"பாப்பா எந்திரிச்சுச்சா?"

"தூங்குது" என்றாள்.

ரம்பச் சத்தம் மறுபடி தொடங்கியது. கிளை முறிந்து தொங்கியதும், உள்ளங்கை எரிய அதைக் கீழே இறக்கினேன். கண்ணைத் துடைக்கக் கையில்லாமல் அழுதேன்.

அவன் உற்சாகமாகத்தான் இறங்கினான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பசி உயிர் போகுது, போடு" என்றான். பிறகு அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

"தூக்குச்சட்டி எங்க?"

அவள் வெறுங்கையைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். எழுந்து ஊரைப் பார்த்து ஓடினான்.

அதற்குப் பிறகும் பல வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். அவன் என்னையும் குறை சொன்னதில்லை, அவளையும் சொன்னதில்லை. ஆனால் மரத்திலிருந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். அவள் சோற்றோடு வருவது தெரிந்தால் மேலே ரம்பம் நின்றுவிடும். மரத்தடிக்கு வந்ததும் அவள் ஒரு கல்லை எடுத்துத் தூக்குச்சட்டியைத் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவன் மறுபடி அறுக்கத் தொடங்குவான்.