வாயால் சொன்ன ஸ்ட்ரெயிட்

நேற்று மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஓர் இருபது வருட நட்பு உடையப் பார்த்தது.

காரணம், ஒரே ஒரு சீட்டு.

மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்டில் மாதம் ஒரு ஞாயிறு போக்கர் நடக்கும். நான்கே பேர். நான், என் கணவர் பிரபு, அவரோடு நந்தனத்தில் கல்லூரியில் படித்த ரஃபீக், பிரபுவின் ஆபீஸ் நண்பர் வெங்கட்.

காசு கிடையாது. ரஃபீக்குக்கு தி.நகரில் தையல் கடை. அங்கே மிச்சமாகும் சட்டைப் பட்டன்களை வைத்துத்தான் ஆடுவோம். (கோட்டுப் பட்டன் கிடைத்தவர் அன்றைக்குப் பணக்காரர்.)

பட்டன் தீர்ந்து முதலில் வெளியேறுபவர் மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் முழுவதையும் தேய்க்க வேண்டும். நேற்று எண்ணெய்க் கத்தரிக்காய். வாணலி நன்றாக அடிப்பிடித்திருந்தது.

வெங்கட் அபிராமபுரத்துக்காரர். எங்கள் மேஜையின் சட்டப் புத்தகம் அவர்தான். முறை வராமல் பேசக் கூடாது, அடுத்தவர் சீட்டைப் பார்த்து உச்சுக் கொட்டக் கூடாது என்று நிறைய உண்டு. (உச்சுக் கொட்டித் திட்டு வாங்கியவள் நான்.)

மூன்று மணி இருக்கும். மேஜையில் நாலு, அஞ்சு, எட்டு, ராஜா, ரெண்டு என்று ஐந்து சீட்டுகள் திறந்து கிடந்தன. (ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில் மறைவாக இருக்கும்; அதை இந்த ஐந்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.) நானும் வெங்கட்டும் ஒதுங்கிவிட்டோம். ரஃபீக் தன் பட்டன் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். பிரபுவும் தள்ளினார்.

சீட்டைக் காட்டும் நேரம். பிரபு முந்திக்கொண்டு, தன்னிடம் ஸ்ட்ரெயிட் இருப்பதாகச் சொன்னார். அதாவது, வரிசையாக ஐந்து எண்கள்.

ரஃபீக் ஒரு பெருமூச்சு விட்டு, தன் சீட்டுகளைக் கவிழ்த்தபடியே கழித்த சீட்டுக் குவியலில் போட்டுவிட்டார்.

அப்புறம்தான் பிரபு தன் சீட்டுகளைத் திறந்து வைத்தார்.

ஒரு ஏழு. ஒரு எட்டு.

ஆறு இல்லை. ஆறு இல்லாமல் ஏது வரிசை? பிரபுவிடம் இருந்தது வெறும் ஜோடி எட்டு.

ரஃபீக் குவியலுக்குள் கைவிட்டுத் தன் சீட்டை எடுத்துக் காட்டினார். ராஜா. மேஜையில் இருந்த ராஜாவோடு சேர்த்தால் ஜோடி ராஜா. ஜெயித்திருக்க வேண்டியவர் அவர்.

வெங்கட் விடவில்லை. "குவியல்ல விழுந்த சீட்டு செத்த சீட்டு. எங்காத்துல ஆடினாலும் இதான் ரூல்."

ரஃபீக் ரூலைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பிரபுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வாயால சொன்ன மச்சி. நான் திருப்பிக்கூட பாக்கல. வேற எவன் சொல்லியிருந்தாலும் காட்டுன்னு கேட்டிருப்பேன்."

பிரபு தான் பொய் சொல்லவில்லை என்றார். ரஃபீக் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டார். எங்கள் கல்யாணத்துக்குச் சட்டை தைத்தவர் அந்த மனுஷன்.

பிரபு சீட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"ஆறு இருக்குடா. இதோ பாரு, ஆறு."

அவர் விரல் வைத்துக் காட்டியது எட்டின் மேல்.

ரஃபீக் அந்தச் சீட்டைப் பார்த்தார். பிறகு பிரபுவின் முகத்தைப் பார்த்தார். சீட்டை வாங்கி, பிரபுவின் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்தார்.

"இது இன்னா நம்பர்?"

"ஆறு."

ரஃபீக் தன் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து (ஊசியில் நூல் கோக்கப் போடுவது) பிரபுவின் மூக்கில் மாட்டிவிட்டார்.

பிரபு சீட்டை ஒருமுறை தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"எட்டு," என்றார்.

முதலில் சிரித்தது ரஃபீக்தான். நாற்பத்து மூன்று வயதில் வெள்ளெழுத்து வந்ததை என்னிடம்கூட மறைத்திருக்கிறார் என் கணவர். ஹோட்டலில் மெனு கார்டை என்னிடம் நீட்டி, "உனக்குப் பிடிச்சதைச் சொல்லு" என்பார். அதை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்ததா? இல்லை.

பட்டன் எல்லாம் உனக்குத்தான் என்று பிரபு தள்ள, பார்க்காமல் போட்டது என் தப்பு, ரூல்னா ரூல்தான் என்று ரஃபீக் திருப்பித் தள்ள, சண்டை தலைகீழாகத் திரும்பி இன்னும் கால் மணி நேரம் ஓடியது. வெங்கட்டின் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. பாவம், முழித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தீர்ப்பு நான் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து பாத்திரம் தேய்க்க வேண்டும். இனிமேல் இந்த மேஜையில் வாயால் சொல்வது செல்லாது, சீட்டு மேஜையில் மல்லாந்த பிறகுதான் பேச்சு.

இருவரும் வாணலியைச் சுரண்டிக்கொண்டே ஒரு மணி நேரம் கல்லூரிக் கதை பேசினார்கள்.

இன்று மதியம் ரஃபீக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பிரபுவைக் கையோடு பாண்டி பஜாருக்கு அழைத்துப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் புதுக் கண்ணாடியோடு வந்த கணவர், உற்சாகமாக வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். மாத்திரை அட்டை. பிஸ்கட் பாக்கெட். அப்புறம் மேஜையில் கிடந்த என் போன்.

"சுதா, யாரு இந்த 'அப்புறம் சொல்றேன்'? மத்தியானத்துலேர்ந்து மூணு மிஸ்டு கால் இருக்கு."

அது அவர் நம்பர்தான், எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதிலையே பெயராகப் போட்டு வைத்திருக்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது? யாராவது யோசனை கொடுங்கள், ப்ளீஸ்.