அறுபத்தேழரை அங்குலம்

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவார் தையற்காரர். கழுத்தில் டேப் தொங்கும். அது வந்தவர்களின் திருப்திக்கு. முப்பத்தைந்து வருஷத் தொழிலில் அவர் வாயால் சொன்ன அளவு ஒரே ஒரு தடவைதான் தப்பியது. அதுவும் தெரிந்தே சொன்னது.

அவர் உயரம் அறுபத்து மூன்று அங்குலம். மனைவி அறுபத்தேழரை. ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்குச் சீருடை தைக்க அளவெடுக்கப் போன இடத்தில்தான் அவளைப் பார்த்தார். தோளில் டேப்பை வைக்க அவர் குதிகாலைத் தூக்கியபோது, பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றாள். அந்த மடக்கலில் மனிதர் விழுந்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் மடங்கித்தான் நின்றாள். செருப்பு எப்போதும் தட்டை. போட்டோ என்றால் அவளுக்கு நாற்காலி, பக்கத்தில் அவர் நிற்பார். எதிர்த்த பொத்தான் கடைக்காரர், "என்னய்யா, ஏணியை வீட்டுல சாத்தி வச்சுட்டு வந்துட்டீரா?" என்பார். தையற்காரரும் கூடவே சிரிப்பார். அன்றைக்கு முழுக்க வீட்டில் அவளோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

உள்ளேயே படுத்துச் சமைத்து ஊர் சுற்றும் கேம்பர் வேன் வாங்கும் யோசனை அவளுடையது. "முப்பது வருஷமா வார்டுல அதே ஜன்னலைப் பாத்தாச்சு. இனிமே ஜன்னலையும் கூடவே ஓட்டிட்டுப் போவோம்," என்றாள், ஓய்வு பெற்ற வாரத்தில். அவரும் கடையை மூடினார்.

விற்பனைக்காரரின் முற்றத்தில் இரண்டு வேன்கள் நின்றன. பெரியதில் படுக்கை நீளவாக்கில் இருந்தது. அவள் அதில் ஒருமுறை படுத்து எழுந்தாள், முகம் மலர்ந்திருந்தது. தையற்காரர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். இருக்கையை முழுதாக முன்னால் தள்ளியும் கிளட்ச் கால்விரல் நுனிக்குத்தான் எட்டியது.

"முதுகுக்கு ஒரு தலையணை வச்சுக்கலாம் சார். புதுசா ஓட்டக் கத்துக்கிற பசங்கல்லாம் அப்படித்தான்," என்றார் விற்பனைக்காரர்.

தையற்காரரின் காது சிவந்தது. கதவருகே நின்ற அவள் அதைப் பார்த்துவிட்டாள். "எனக்கு இது ரொம்பப் பெருசாத் தெரியுது. அந்தச் சின்னதே போதும்."

சின்னதில் படுக்கை வேனின் அகலத்துக்குக் குறுக்கே கிடந்தது. தலைமாட்டுச் சுவரிலிருந்து கால்மாட்டு அலமாரி வரை அறுபத்து நாலு அங்குலம். "குறுக்கால படுக்கணும், அதான் கேக்கிறேன். ரெண்டு பேரும் என்ன உயரம்?" என்றார் விற்பனைக்காரர்.

"ஒரே உயரம்தான். அஞ்சே கால் அடி," என்றார் தையற்காரர்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். "சரியா இருக்கும்," என்றாள்.

மூன்று வருஷம் அதில் வாழ்ந்தார்கள். ஒருவர் சட்டை மாட்ட வேண்டுமென்றால் மற்றவர் இறங்கி நிற்க வேண்டும். கெண்டி கொதித்தால் கண்ணாடியெல்லாம் வியர்க்கும். ஆற்றங்கரை, மலையடிவாரம், மழையில் நனையும் ஏதோ ஓர் ஊரின் லாரி நிறுத்தம்; எங்கே விழித்தாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் தூக்கத்தில் அவள் புரளும்போதெல்லாம் மடக்கிய முழங்கால் பின்கதவில் டக்கென்று இடிக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டே கிடப்பார். காலையில் அவள் முதலில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நீட்டுவாள். அந்த நேரம் பார்த்து அவருக்குக் கெண்டியில் ஏதாவது வேலை இருக்கும்.

அலமாரியின் பலகையை அறுத்து, கால் நுழைய ஒரு பெட்டி வைத்தால் தீர்ந்தது. எந்தத் தச்சருக்கும் அரைநாள் வேலை. ஆனால் தச்சர் அளவு கேட்பார். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருஷம் முழங்கால் வீங்கியது. "மண்டி போட்டுச் செய்யற வேலை ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டார். "வயசுதான் டாக்டர்," என்றாள் அவள். தையற்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அவளைக் கொண்டுபோனது முழங்கால் அல்ல, இதயம். அதை அவர் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். கடைசி நாலு நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கால் நீட்டிப் படுத்திருந்தாள். அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் போர்வையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார்.

வருஷம் ஒன்று கழிந்து, வேனை வாங்கிக்கொள்ள அவள் தங்கை வந்தாள். அதே உடல்வாகு, அதே உயரம். பின்கதவைத் திறந்து படுத்துப் பார்த்தாள்.

"அத்தான், கால எங்க வைக்கிறது? கழட்டி ஆணியில மாட்டணுமா?" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அக்கா எப்படிப் படுத்தா?"

"வித்தவன் அளவைத் தப்பாச் சொல்லிட்டான்." பதில் அவ்வளவு லேசாக வந்தது அவருக்கே திகிலாக இருந்தது.

"அக்காவும் அதான் சொன்னா. எனக்குக் கால் நீட்ட இடம் பத்தலைன்னு அத்தானுக்குத் தெரியாது, நீ பாட்டுக்கு ஒளறி வைக்காதே, தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போவாருன்னு. போகட்டும். ஒரு பெட்டி அடிச்சுக்கலாம். அளவெடுங்க."

தையற்காரர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுதினார்.

"கடையை மூடியும் கழுத்துல டேப் தொங்குதே, சும்மாவா? இன்னும் என்னை அளக்கவே இல்லையே."

"அறுபத்தேழரை. உனக்கும் அதேதான்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"சீருடை தைச்ச நாள்லேர்ந்து." அவர் சீட்டையே பார்த்தார். "வேன் வாங்கின அன்னிக்கும் தெரியும். அவன் கேட்டான், நான்தான் அஞ்சே காலுன்னு சொன்னேன். உங்கக்கா பக்கத்துலயே இருந்தா."

தங்கை இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக நீட்டினாள். அவர் இந்தத் தடவை வேறெங்கும் பார்க்கவில்லை.

"தச்சர்கிட்ட நான் வரமாட்டேன்," என்றாள் கடைசியில். "நீங்களே ஓட்டிட்டுப் போங்க. நீங்களே சொல்லுங்க."

தச்சர் வேனுக்குள் ஏறிப் படுக்கையைத் தட்டிப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தபடியே தையற்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு இதுவே ஜாஸ்தி. யாருக்குப் பெட்டி?"

சீட்டை நீட்டிவிடலாம்தான். அவர் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

"என் பொண்டாட்டிக்கு," என்றார். "அறுபத்தேழரை அங்குலம்."