உல்லாசப் பயணத்துக்கு ஒரு போத்தல் சம்பல்

எங்கள் பக்கத்தில் யார் வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் போகிறார்கள் என்பது பாஸ்போர்ட் கந்தோருக்குத் தெரிய முந்தியே என் சம்பல் சட்டிக்குத் தெரிந்துவிடும். இப்போதும் வலக்கை அகப்பையில்தான் இருக்கிறது. நான் இடக்கைக்காரி. அதனால் வெங்காயம் அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே மற்றக் கையால் இதை எழுத ஏலுமாக இருக்கிறது. தாளில் எண்ணெய்ப் புள்ளி கிடந்தால் பொறுத்துக்கொள்ள வேணும். இந்தச் சட்டி யாருக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

குறிஞ்சிப்பிட்டியில் வீட்டோடு இருந்து நான் செய்வது சீனிச்சம்பல், மாசிச்சம்பல், கருவாட்டுப் பொரியல். கடைக்கு இல்லை, பயணக்காரருக்கு. நான் அதிகம் படிக்கவும் இல்லை, அதிகம் கதைக்கவும் மாட்டேன். யாராவது வாசல் படலையில் நின்று கேட்டால் "ஓம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். "இல்லை" என்று சொல்வதென்றால்தான் நின்று கதைக்க வேணும். என்னைப்போல வீட்டில் சட்டி வைத்துப் பிழைக்கும் சகோதரிமாருக்கு இந்தக் கஷ்டம் விளங்கும். பயணத்துக்குத் திட்டம் போடுவதென்றால் டிக்கெட், ஹோட்டல், பார்க்கிற இடம் என்று வெளியில் உள்ளவர்கள் நினைப்பார்கள். எங்கட சனத்துக்கு எல்லாத்துக்கும் முந்தின கேள்வி, "அங்க போய் என்னத்தத் திங்கிற?" என்பதுதான்.

மாலைதீவுக்கு மாசி

கலியாணம் முடித்த கையோடு மகளையும் மருமகனையும் பயணம் அனுப்ப, பக்கத்துத் தெருச் சாச்சி ஒருவர் வந்தார். மாசிச்சம்பல் வேணுமாம், பெரிய போத்தலில், மாசி தூக்கலாக. எந்த நாட்டுக்கு என்று கேட்டேன். மாலைதீவுக்கு என்றார்.

மாசி என்கிற காய்ந்த மீன் எங்கிருந்து வருகிறது என்று கடைக்குப் போகிற பிள்ளைக்கும் தெரியும். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கடல் தாண்டி இங்கே வந்த மீன், சம்பலாகித் திரும்பவும் பிறந்த ஊர் பார்க்கப் போகிறதே என்று நினைத்ததில் வாய் தானாகத் திறந்துவிட்டது. "சாச்சி, மாசியே அங்க இருந்துதானே வாறது?" என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவங்களுக்கு மாசி காய வைக்கத்தான் தெரியும் புள்ள. அத எப்பிடித் தின்னுறது எண்டு நாமதானே போய்க் காட்டணும்?"

மலேசியாவில் பார்த்தது

மிளகாய்த் தோட்டத்து ஹாஜியார் ஃபோனில் படம் பார்த்துப் பார்த்தே மலேசியாவை மனப்பாடம் பண்ணிவிட்டார். காலையில் எங்கே, பகலில் எங்கே, பின்னேரம் எந்தக் கட்டிடத்தில் ஏறுவது, எல்லாம் சொல்லுவார். அவர் மனைவி, எனக்கு மாமி முறை, அடுக்களைப் பக்கம் வந்து வேறொரு திட்டம் போட்டார். காலையில் பாணும் சீனிச்சம்பலும், பகலுக்குக் கருவாடு, பின்னேரத்துக்குச் சோறும் பருப்பும். இரண்டு திட்டமும் ஒரே பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. எது வெல்லும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஹோட்டல் அறையில் தேத்தண்ணிக்கு வைத்திருந்த கேத்தலில் மாமி பருப்பு அவித்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த அறைக்கு வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து என்ன நினைத்தார்களோ தெரியாது. திரும்பி வந்தபோது, கேட்காவிட்டால் மரியாதை இல்லையே என்று, "அந்த ஒசந்த கட்டிடம் எப்பிடி மாமி?" என்று கேட்டேன். ஹாஜியார் தலையைத் திருப்பி மதிலைப் பார்த்தார், மாமிதான் சொன்னார்.

"கீழ நிண்டு பாத்தம் புள்ள. மேல ஏற நேரமில்ல, அறையில பருப்பு அவிஞ்சிக்கொண்டிருந்திச்சி."

மணம் முந்திப் போய்ச் சேர்ந்தது

சண்டை நேரம் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய அண்ணை இருப்பது பனி கொட்டுகிற நாட்டில். விடுமுறைக்கு அங்கே போக வெளிக்கிட்டபோது கட்டாக் கருவாடு பொரித்துத் தரச் சொன்னார். "மணக்காதுதானே பிள்ளை?" என்று கேட்டார். நான் வழக்கம்போல "ஓம்" என்றேன். கடதாசி, பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் பழைய துவாய் என்று சுற்றிக் கொடுத்தேன். சுற்றும்போதே மணந்தது.

அவர் திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் சின்ன மகள் போய், "உம்மா கதவுக்குப் பின்னால நிக்கிறா" என்று சொல்லிவிட்டாள். அக்கா சிரித்துக்கொண்டுதான் வந்தார். அண்ணை வீட்டில் பொட்டலத்தை அவிழ்த்த சூட்டோடு யாரோ கதவைத் தட்டினார்களாம். பொலிஸ்தான் என்று எல்லாரும் நடுங்கிப்போய்த் திறந்தால், தெரியாத ஒரு வயதாளி வெறுங்கோப்பையோடு நிற்கிறாராம்.

"மேல்வீட்டில தமிழர் இருக்கினம் எண்டு அண்ணைக்கு இவ்வளவு காலமும் தெரியாது பிள்ளை, கருவாடுதான் கூட்டிக்கொண்டு வந்தது. அடுத்தமுறை கொஞ்சம் கூடக் கட்டித் தாரும்."

என் பெட்டி

இப்போது என் முறை. என்னைக் கட்டின மாப்பிள்ளை கட்டார் நாட்டில் வாகனம் ஓட்டுகிறார். அவர் போகும்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது ஃபோனைப் பார்த்து, "வாப்பா, வெளிய வாங்க" என்கிறாள். அவருக்கு லீவு கிடைத்திருக்கிறது. நானும் மகளும் ஒரு மாதம் போய் நிற்க எல்லாம் சரி பண்ணிவிட்டார். கடற்கரை, பூங்கா, ஒட்டகம் என்று அவரிடமும் ஒரு திட்டம் இருக்கிறது. சிலாபத்துக்கு அங்கால் நான் போனதே பாஸ்போர்ட் எடுக்கத்தான். என்ன கொண்டுவர வேணும் என்று கேட்டதற்கு ஒன்றே ஒன்று சொன்னார். அவர் போக முந்தின பெருநாளைக்கு நான் உடுத்த ஊதாச் சல்வார்.

"சம்பல் கிம்பல் கட்டிக்கொண்டு வராத. நான் கூப்பிடுறது ஒன்ன, ஒண்ட சட்டிய இல்ல."

அமானிதம்

பெட்டியில் முதலில் வைத்தது அந்தச் சல்வாரைத்தான். பிறகுதான் ஊருக்குக் கதை போனது. ஒருவர் அங்கே வேலை செய்யும் மகனுக்குக் கருவாடு தந்தார். ஒருவர் தம்பிக்கு ஊறுகாய். ஒரு மாமி மகனுக்குத் தலையணை கொண்டு வந்தார், வேறு தலையணையில் அவனுக்கு நித்திரை வராதாம். எங்கட ஆக்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் தருவதைக் கையால் வாங்கிவிட்டால் அது அமானிதம். கொண்டுபோய்ச் சேர்த்தே ஆக வேணும். வேண்டாம் என்றால், கை படுவதற்கு முன்னால் சொல்ல வேணும். எனக்கோ கைதான் முன்னால் போகும், வாய் பிறகுதான் வரும்.

மதினி, என் மாப்பிள்ளைக்கு மூத்த ராத்தா, வெங்காயம் நிறுக்கும் தராசில் பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பாரம் கூடிப்போனது. வெளியில் எடுக்க என்ன இருக்கிறது? மற்றதெல்லாம் அமானிதம். சல்வார் அலுமாரிக்குத் திரும்பியது. நான் மதினி போனதும் அதை உள்ளே வைப்பேன், இன்னொரு பொட்டலம் வரும், மதினி வந்து வெளியில் எடுப்பார். தலையணையையாவது விட்டுவிட்டுப் போகலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"எண்ட தம்பி ஒன்னப் பாப்பானா, சல்வாரப் பாப்பானா? தலவாணிய விட்டுட்டுப் போனா மறுமையில யாரு பதில் சொல்ற?"

இரண்டு கையும்

நாளைக்கு வேன் வருகிறது. இன்று காலையில் கடைசியாக ஒருமுறை சல்வாரை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டேன். தராசு முள் கோட்டில் நிற்கிறது. இனி ஒரு ஊசி வைத்தாலும் சல்வார் வெளியே. அதனால்தான் இந்தச் சட்டி. இது யாருக்கும் இல்லை, யாரும் கேட்காத சம்பல். ஒரு கையில் அகப்பை, மற்றதில் பேனா. இரண்டு கையும் வேலையாக இருந்தால் யாரிடமும் எதையும் வாங்க ஏலாது பாருங்கள். "இடமில்ல" என்று சொல்லியும் பழகிவிட்டேன். கேட்டுக்கேட்டு மகளும் பூனையிடம் "எடமில்ல, எடமில்ல" என்று சொல்லித் திரிகிறாள்.

ஆக, சகோதரிமாரே, வெளிநாட்டுப் பயணம் சந்தோசமாக அமைய ஒரே ஒரு திட்டம் போதும்: இரண்டு கையையும் சும்மா விடாமல், படலையில் யார் வந்து கூப்பிட்டாலும் நிமிர்ந்து, முகத்தைப் பார்த்து, தெளிவாக

"ரிஸ்னா! இரிக்கியா புள்ள? ஒரு சின்னப் பொட்டலம்தான்!"

ஓம் மாமி, வாறன், இந்தப் பேனாவ மட்டும் கீழ வெச்சிட்டு