சொந்தப் பல்லைச் சுட்ட கதை

தூரிகை நுனியில் ஈரப் பீங்கான் மாவை எடுத்து, பல் வடிவக் கூட்டின் மேல் பூசிக்கொண்டிருந்தன விரல்கள். பூசுவது, மெல்லிய தாளால் ஈரத்தை ஒற்றுவது, மறுபடி பூசுவது. சூளையில் வெந்தால் மாவு சுருங்கும் என்பதால் பல்லைத் தேவைக்கு மேல் பெரிதாகவே கட்ட வேண்டும். "என் வாய்ப்பேச்சு மாதிரி" என்பார், டாக்டர்களுக்குப் பல் செய்துகொடுக்கும் பல்லுக்காரர்.

இந்த ஆறு முன்பற்களும் ஒரு புது டீச்சருக்கு. அப்பா வழியில் வந்த கோளாறு. எனாமல் சரியாகப் பிடிக்காமல் எல்லாப் பல்லும் பழுப்பேறி, பொரிந்து தேய்ந்திருந்தன. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கையால் வாயைப் பொத்தாமல் பேச வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பக்கத்துப் பல்லைப் பார்த்து அடுத்த பல்லைச் செய்வதுதான் தொழில். இவளுக்கோ பார்த்துச் செய்ய ஒரு நல்ல பல்கூட இல்லை.

"பொண்ணை ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்று அவளுக்கு வைத்தியம் பார்க்கும் பல் டாக்டரம்மா சொன்னதற்கு, "எதுக்கு? கண்ணை மூடிக்கிட்டே செய்வேன்" என்று பீற்றிக்கொண்டார். செய்தார். வெந்து இறங்கியதும் தானே சொக்கிப்போனார்.

டீ கொண்டுவந்த மனைவி, புதுப் பற்கள் மாட்டியிருந்த தாடை அச்சைக் கையில் எடுத்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"இது உங்க பல்லுங்க! கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இதைத்தானே பாக்குறேன். இந்த ஒத்தப்பல்லு பக்கத்து வீட்டை எட்டிப் பாக்குற மாதிரி திரும்பி நிக்குது பாருங்க."

கண்ணாடியில் இளித்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. நாள் முழுக்க நாக்கு தடவித் தடவிப் பாடம் பண்ணியதைக் கை எழுதி வைத்திருந்தது.

"சின்னப் பொண்ணு வாயில ஐம்பது வயசு ஆம்பளைப் பல்லு. அது கொட்டாவி விட்டாக்கூட நானில்ல தெரிவேன்!"

வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். மறுநாள் டீச்சர் பட்டறைக்கே வந்தாள். தற்காலிகமாக ஒட்டிய பிளாஸ்டிக் உறைகள் பல்லை மூடியிருந்தும், பழக்கத்தில் கை வாயை விட்டு இறங்கவில்லை.

பல்லுக்காரர் அச்சைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஈயென்று இளித்தார். "உனக்குச் செஞ்சதும்மா. ஜாடை தெரியுதா?"

அவள் அதையும் பார்த்தாள், இவரையும் பார்த்தாள். கை இறங்கிவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அப்படியே இரும்மா!" உதடு எவ்வளவு தூக்குகிறது, எந்தப் பக்கம் கூடுதலாக ஏறுகிறது என்று அவசர அவசரமாக அச்சில் பென்சிலால் கோடு போட்டார்.

"அங்கிள், எங்கப்பா பல்லும் வேணாம், உங்க பல்லும் வேணாம்."

"எனக்கே வேணாம்மா, விடு."

முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு பல்லுன்னே தெரியலையே" என்றாள். இத்தனை வருஷத் தொழிலில் இப்படியொரு பாராட்டு அவருக்குக் கிடைத்ததில்லை.

மருத்துவமனைக்குத் தானே எடுத்துப் போனார். நாற்காலியில் சாய்ந்திருந்த டீச்சர் கேட்டாள்: "உங்க ஜாடை எதுவும் இல்லையே அங்கிள்?"

வாயைத் திறந்தால் தன் பல்லைப் புதுப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பாளே! இல்லையென்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, டாக்டரம்மாவிடம் பெட்டியை நீட்டினார்.