பிரித்த தையல்

அந்த பாலே கம்பெனியில் ஊசியக்காவின் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி டைரக்டரம்மா முதல் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் வரை எல்லோருக்கும் அவள் ஊசியக்காதான். அவளைவிட ஐந்து வயது மூத்த எலக்ட்ரீஷியன்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தாள். முறைத்தால் வயசா குறையப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

அரங்கத்துக்குக் கீழே, பம்புசெட் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடையது. இரண்டு தையல் மிஷின், ஒரு நீராவி இஸ்திரி, சுவரோரம் வரிசை வரிசையாகத் தொங்கும் வலைப் பாவாடைகள். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிரம்புக் கூடை. இருபத்தாறு வருடமாக அங்கே உட்கார்ந்து இளவரசிகளுக்கு இடுப்பைப் பிரித்து விட்டாள், இளவரசர்களுக்குத் தொடையில் ஒட்டுப் போட்டாள். தாவுகிறவன் கிழித்துக்கொள்ளத்தான் செய்வான், கிழித்துக்கொள்ளாத இளவரசன் எவனையும் நான் பார்த்ததில்லை என்பாள்.

கிழிசலைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. அது ஒரு வியாதி. கணவர் பஸ் டிரைவர். ஒருமுறை அவர் ஓட்டிய பஸ்ஸிலேயே போனபோது, முன்சீட்டு உறை கிழிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இறங்குவதற்குள் தைத்து முடித்துவிட்டாள். டிப்போவில் ஒரு மாதம் அவரைக் கிண்டல் செய்தே கொன்றார்கள். ஆனால் வியாதிக்கு ஒரு மூலம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முழுக்க, கக்கத்தில் கிழிந்த ஒரே சட்டையோடு, விடை தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தவள் அவள். ஓட்டை என்றால் அவளுக்கு வெறும் ஓட்டை இல்லை, மானம்.

அந்தக் கம்பெனியில் அவள் மனசுக்கு நெருக்கம் கொக்கு. பதினெட்டு வயதில் வந்து சேர்ந்த பெண், கழுத்தும் காலுமாக வளர்ந்திருந்ததால் அந்தப் பெயர். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொக்கு மேலே போகவே மாட்டாள். இஸ்திரி மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, ஊசியக்காவின் டப்பாவிலிருந்து பாதியைத் தின்றுவிடுவாள். எட்டு வருடம் பின்வரிசையிலேயே ஆடினாள். பின்வரிசையில் ஆடுகிறவளுக்கு முகம் கிடையாது, கால் மட்டும்தான். அதற்காக அவள் அழுதபோதெல்லாம் மூக்கைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தது ஊசியக்காதான்.

அந்த வருடம் டைரக்டரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. இளவரசியும் வேண்டாம், சூனியக்காரியும் வேண்டாம், ஒரு மாலை முழுக்கப் புதுக்காலத்து நடனங்களாகவே போடுவோம் என்றார். மூன்று நடனம். இரண்டு கூட்டமாக ஆடுவது, நடுவில் ஒன்று தனி ஆட்டம். வெளியூரிலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துவிட்டு, தனி ஆட்டத்துக்குப் பின்வரிசையிலிருந்து கொக்கை விரல் நீட்டிக் கூப்பிட்டார். அன்றைக்கு அவள் படிக்கட்டில் இறங்கி ஓடி வந்த சத்தம் உடையறை வரைக்கும் கேட்டது.

உடைப் பட்டியலைப் பார்த்து ஊசியக்காவுக்குச் சப்பென்று போய்விட்டது. கொக்கி இல்லை, நாடா இல்லை, சரிகை இல்லை. கூட்டத்துக்குச் சாம்பல் நிறச் சட்டை, வெறுங்கால். தனி ஆட்டத்துக்கு அதே சட்டை, தோல் நிறக் காலுறை ஒரு ஜோடி. “இதுக்கு நான் எதுக்கு? கடையில வாங்கி மாட்டி விட்டுடலாமே” என்று கணவரிடம் புலம்பினாள்.

ஒத்திகை முடிந்த அன்று எல்லாவற்றையும் துவைத்துக் காயப் போட்டபோதுதான் பார்த்தாள். கொக்கின் புத்தம் புதுக் காலுறையில், உள்ளங்காலில், காசளவு ஓட்டை. இன்னொன்றைத் திருப்பினாள். அதிலும் ஓட்டை. மேடையில் ஏதோ ஆணி தலைநீட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். இரண்டு காலிலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் குத்துகிற ஆணி எங்கே இருக்கிறது? மேலே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துணி சுருங்காமல் நிற்க, பியூஸ் போன பல்பு ஒன்றைக் காலுறைக்குள் விட்டு, நிறம் பார்த்துப் பட்டு நூலை ஒற்றை இழையாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடைத்தாள். விரலால் தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது. கொக்கின் முதல் தனி ஆட்டத்துக்கு என் பங்குக்கு இதாவது செய்தேனே என்று அவளுக்கு ஒரு நிறைவு.

நிகழ்ச்சி நடந்த மாலையில் முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு நிமிடம்தான். திரையோரத்து இருட்டில் கொக்கு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள், பிறகு மறு காலை. ஊசியக்கா மண்டி போட்டுக் காலுறையை மாட்டி விட்டாள். கொக்கின் கண் மேடையை விட்டு நகரவில்லை. “போயிட்டு வரேன்க்கா” என்றாள், போய்விட்டாள்.

நாலாவது நிமிடம் இசை நின்றது. அந்த நிசப்தத்தில் அவள் ஒற்றைக் காலில் மெல்லச் சுழல வேண்டும். சுழன்றாள். பாதி சுற்றில் கால் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. அவள் விழுந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். திரையை இறக்கினார்கள். தூக்கிக்கொண்டு வந்து கிடத்தியதும், வீங்கிய காலிலிருந்து காலுறையைப் பக்குவமாகக் கழற்றியது ஊசியக்காதான். கழற்றியதைப் பழக்கத்தில் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். அப்போது அவள் மனதில் ஒரு களங்கமும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கொக்கின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். தசைநார் கிழிந்துவிட்டது, ஆறு வாரம். ஊசியக்கா ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டர் சொல்றார், இசை நின்னதும் நான் பதறிட்டேனாம்” என்றாள் கொக்கு.

“தரை ஈரமா இருந்திருக்கும்டி.”

“தரையத் தடவிப் பார்த்துட்டாங்கக்கா, காய்ஞ்சுதான் இருந்துச்சு. காலுறையோட அந்தத் தரையில நின்னா வழுக்கும்னுதான் உள்ளங்கால்ல ரெண்டு ஓட்டை வெட்டி வச்சேன். தோல் தரையில பட்டா பிடிமானம். ஒத்திகையில அப்படியே பசை போட்ட மாதிரி நின்னுச்சு. அவ்வளவு பண்ணியும் விழுந்தா, அப்ப கோளாறு என்கிட்டதானே?”

கத்தி ஊசியக்காவின் கட்டைவிரலில் இறங்கியது. ரத்தம் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஐயோ, நான்தான்டி அடைச்சேன் என்று ஒரே ஒரு வாக்கியம். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, “ஆப்பிள் சாப்பிடு, கறுத்துடும்” என்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தால் பரவாயில்லை, அவளுடையது அடுத்த வேலையையும் சொல்லிக் கொடுத்தது. வீட்டுக்கு வந்ததும் ஏப்ரன் பையிலிருந்து காலுறையை எடுத்து, சாப்பாட்டு மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, தான் போட்ட தையலைத் தானே ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். போட்டதற்கு ஒரு மணி நேரம், பிரிக்க இரண்டு மணி நேரம். கணவர் கைகழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“நீ தைச்சுத்தான் பார்த்திருக்கேன். பிரிக்கிறத இப்பத்தான் பார்க்கிறேன். என்ன அதிசயம்?”

“தப்பாப் போட்டுட்டேன்.”

“நீயா?” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. காலையில் காலுறையை, இரண்டு ஓட்டையும் பழையபடி திறந்திருக்க, கொக்கின் கூடையில் போட்டு மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

அதன் பிறகு மூன்று வாரம் அவள் கொக்கைப் பார்க்கப் போகாத நாள் இல்லை. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. சூப் கொண்டு போனாள், தலை சீவி விட்டாள், பாத்திரம் கழுவினாள், தலையணை உறையில் பிரிந்திருந்த ஓரத்தைத் தைத்தாள். கொக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களத் தவிர அந்தக் கம்பெனியில எனக்கு யாருக்கா இருக்காங்க?” என்றாள். அன்றைக்கு ஊசியக்கா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நல்லவள் என்று பெயர் வாங்குவது அவ்வளவு வலிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

இரண்டாவது வாரம் யாரோ கொக்கின் கூடையை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுநாள் ஊசியக்கா போனபோது காலுறை ஜோடி கொக்கின் மடியில் இருந்தது.

“ஒருவேளை மாத்திப் போட்டுட்டோமோன்னு ஒரு நப்பாசை இருந்துச்சுக்கா. பாருங்க, நான் வெட்டின ஓட்டைதான். நல்லாத்தான் இருக்கு. காலுறை மேல பழி போடவும் வழியில்ல.”

ஊசியக்கா அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரித்தது, அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகப் போய் உட்கார்ந்திருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கம்பெனியிலும் அதுதான் பேச்சு. “எட்டு வருஷம் வரிசையில ஆடினவளுக்குத் தனியா நிக்கத் தைரியம் வரல” என்று டைரக்டரம்மா படியில் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். அடுத்த சீசனுக்குத் தனி ஆட்டத்தை வேறொருத்திக்குக் கொடுத்தாகிவிட்டது. அளவெடுக்க அந்தப் பெண்ணை ஊசியக்காவிடம்தான் அனுப்பினார்கள். எடுத்தாள்.

மூன்றாவது வாரக் கடைசியில் கொக்கு ஒட்டிய கவர் ஒன்றை நீட்டினாள்.

“நாளைக்குப் போறப்ப இத டைரக்டரம்மா மேசைல வச்சிடுங்கக்கா. நான் நின்னுக்கறேன். மாமா பேப்பர் கடை வச்சிருக்கார், கல்லாவுல உட்கார ஆள் வேணுமாம். உட்கார்ந்த வேலை. விழ முடியாது.” கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஊசியக்கா கவரை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. இதைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், யாருக்கும் எப்போதும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே தன்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. மூன்று மாடியையும் மறுபடி ஏறினாள். கதவைத் திறந்த கொக்கு பதறிப் போனாள்.

“என்னக்கா, என்ன மறந்துட்டீங்க? உக்காருங்க, மூச்சு வாங்குது.”

“உன் காலுறைய நான் தைச்சேன்.”

கொக்குக்குப் புரியவில்லை. ஊசியக்கா நின்றபடியே, கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு சொன்னாள். துவைத்தது, ஓட்டையைப் பார்த்தது, பட்டு நூலால் அடைத்தது, இருட்டில் மாட்டி விட்டது. ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டது. வீட்டில் பிரித்தது, கூடையில் போட்டது. ஒன்றையும் விடவில்லை. “கோளாறு உன் கால்ல இல்லடி. நீ ஆடினது சரி. நான்தான்” என்று முடித்தாள்.

கொக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம்தான், அதை ஊசியக்கா கண்ணால் பார்த்தாள். தன் காலை, கட்டுப் போட்ட அந்தக் காலை, கொக்கு இரண்டு கையாலும் தொட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

“தைச்சப்ப உங்களுக்குத் தெரியாது.”

“சத்தியமாத் தெரியாதும்மா.”

“பிரிச்சப்ப தெரியும்ல?”

தெரியும் என்று ஊசியக்கா தலையாட்டினாள்.

“இந்த மூணு வாரமா என் காலை நான் எப்படியெல்லாம் திட்டினேன். நீங்க இங்கதான உக்கார்ந்திருந்தீங்க. கேட்டுக்கிட்டே சூப் ஊத்திக் கொடுத்தீங்க.” குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. “அந்தக் கவரக் குடுங்க. டைரக்டரம்மாகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்றதுன்னா நீங்க போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் காலை அவள் ஏப்ரனைக்கூட மாட்டாமல் நேராக மாடிக்குப் போனாள். வேலை போனாலும் போகட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனாள். டைரக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்து, நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

“ஓட்டையத் தைச்சதுக்கா இப்படி நடுங்குறீங்க? தப்பு எங்க மேலயும் இருக்கு, உடையறைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். இனிமே சொல்லாம எதையும் தைக்காதீங்க, அவ்வளவுதான்.”

“அது மட்டும் இல்லம்மா, நான் பிரிச்சு...”

“சரி சரி, பயத்துல பண்ணிட்டீங்க. விடுங்க. எனக்கு இப்ப என்ன நிம்மதின்னா, பொண்ணு கிட்ட குறையில்ல. கால் ஆறினதும் அந்த ஆட்டம் அவளுக்குத்தான்.”

இத்தனை சுலபமாக மன்னிப்பு கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஊசியக்காவுக்குத் தெரியவில்லை. டைரக்டரம்மா உற்சாகமாகப் போனைப் போட்டு, மறுமுனையில் எடுத்ததும், “நல்ல சேதிய நீங்களே சொல்லுங்க” என்று அவள் காதில் வைத்தார்.

“நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா” என்றாள் ஊசியக்கா. “ஆட்டம் உனக்குத்தானாம்.”

“நன்றி, மேடம்” என்றாள் கொக்கு. “போனை அவங்ககிட்ட குடுங்க.”

எட்டு வருடமாக அக்கா என்று கூப்பிட்ட கொக்கின் வாயிலிருந்து ‘மேடம்’ என்ற வார்த்தை அவளுக்கு வந்ததே இல்லை. போனை நீட்டினாள். டைரக்டரம்மா அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சிரித்த முகத்தோடு கேட்டார்.

“என்ன சொல்றா?”

“நன்றி சொன்னாம்மா” என்றாள் ஊசியக்கா.