முள் இறங்காத மத்தியானம்

போன வாரம் வேங்கிக்கால் வீட்டில், என் மகன் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றை வாங்கிவந்து, முள்ளைத் தாங்கும் கைக்கு அடியில் உள்ள சின்னக் குழாயில் கெட்டி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். விட்டால்தான் கை மெதுவாக இறங்குமாம். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், எப்படித் தெரியும் என்ற கதையையும் சொல்ல வேண்டும். அந்தக் கதையில் தப்பு என் பேரில் இருக்கிறது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் சித்தப்பா ஒரு பிளேயர் வாங்கியிருந்தார். விசையை இறக்கினால் கை தொப்பென்று விழும். சித்தி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டில் அப்படித்தான் கீறல் விழுந்தது. சித்தி கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தாய்வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். கீறலுக்காக மட்டும் இல்லை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். சித்தப்பா சொம்பை வைத்தாலும் தொப், கதவைச் சாத்தினாலும் தொப். பேச்சும் அந்த மாதிரிதான்.

மூன்று வாரம் கழித்து, மகளோடு வந்து அவளுடைய துணிப்பெட்டியை எடுத்துப்போவதாகச் சித்தியின் அப்பா சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து சித்தப்பா பிளேயரே கதியென்று கிடந்தார். ரேடியோ ரிப்பேர்காரர் கொடுத்த எண்ணெயை ஒரு சொட்டு விடுவார், இறக்கிப் பார்ப்பார், துடைப்பார், மறுபடி விடுவார். கடைசியில் கை பூ மாதிரி இறங்கியது.

எனக்கோ அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் பறக்கும். இது இப்படிச் சோம்பலாக இறங்குகிறதே, எண்ணெய் போதவில்லை போலிருக்கிறது என்று, சாமி விளக்கில் மிஞ்சிய விளக்கெண்ணெயை மண்டியோடு வழிய வழிய ஊற்றிவிட்டேன்.

அன்று மத்தியானம் சித்தியும் அவள் அப்பாவும் வந்தார்கள். பெட்டி வாசலுக்குப் போய்விட்டது. ஒரே ஒரு பாட்டு கேட்டுவிட்டுப் போகச் சொன்னார் சித்தப்பா. சித்தி நின்றபடியே சரியென்றாள். கீறல் விழுந்த அதே தட்டு சுற்றியது. விசையை இறக்கினார். கை அந்தரத்திலேயே நின்றது.

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ஒரு தட்டு தட்டிவுடுங்க மாப்ள, பஸ்ஸு போயிடும்" என்றார் சித்தியின் அப்பா.

சித்தப்பா தட்டுவதற்குத் தன் கையைத் தூக்கினார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார். "வேணாம் மாமா. நான் தட்டுனா கீறிடும். அதுவா எறங்கட்டும்."

சித்தி அவரையே பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்தாள்.

"நேரமாவுதும்மா."

"பாட்டு கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டேன்லப்பா. முள்ளு எறங்கட்டும்."

பஸ் போனது. பெட்டி உள்ளே வந்தது. அன்றைக்கு முள் இறங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

மறுநாள் குழாயைத் துடைத்த சித்தப்பா விரலை மோந்து பார்த்தார். விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால், விளக்கெண்ணெய்ப் புட்டியைச் சத்தமே வராமல் என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிரிக்கிறார். அடுப்படியில் சித்தியும் சிரிக்கிறாள். கெடுத்தவளை அடிக்காமல் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல், நான் ஓவென்று அழுதேன்.